துலாக்கோல் ஏந்திய பெண்

மேசையருகே ஒரு பெண் நிற்கிறாள். இடப்புறச் சுவரின் உயரத்தில் உள்ள சன்னலில் மஞ்சள் திரை தொங்குகிறது. அத்திரையின் ஓரமாய்க் கசிந்து வரும் வெளிச்சம் அறை முழுவதையும் நிறைக்கவில்லை. அவளது நெற்றியையும், தலையை மூடிய வெண்துணியையும், விரல்களையும் மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. வெண்மயிர் விளிம்பிட்ட நீலச் சட்டை அணிந்திருக்கிறாள். இடக்கை மேசை விளிம்பில் ஊன்றியிருக்கிறது. வலக்கையில் பொற்கொல்லர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு தராசு. மேசைமேல் நகைப்பெட்டி திறந்து கிடக்கிறது. அதிலிருந்து முத்துச்சரங்களும் பொற்சங்கிலியும் வழிகின்றன. ஓரத்தில் சில நாணயங்கள். எதிரே சுவரில் ஒரு கண்ணாடி. அவள் முத்துகளையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. இமைகள் தாழ்ந்திருக்க, தராசின்மீது அவள் பார்வை நிலைத்திருக்கிறது.

அவளுக்குப் பின்னே, கறுப்புச் சட்டமிட்ட பெரிய ஓவியமொன்று சுவரில் தொங்குகிறது. அது இறுதித் தீர்ப்பின் காட்சி. ஒளிவட்டத்தினுள் கைகளை உயர்த்தியவாறு கிறிஸ்து வீற்றிருக்கிறார்; கீழே கல்லறைகளினின்று எழும் மாந்தர். கிறிஸ்துவின் உருவம் அப்பெண்ணின் தலைக்கு நேர் மேலே அமைந்திருக்கிறது.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த யோகான்னஸ் வெர்மீர் என்னும் ஓவியர் ஏறத்தாழ 1664-ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் இது. உயரம் 40 சென்டிமீட்டர், அகலம் 36 சென்டிமீட்டர் அளவே கொண்டது. இன்று வாஷிங்டன் நகரிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவருடைய ஓவியங்களென நமக்குக் கிடைப்பவை 37 அளவிலேயே உள்ளன. அவற்றுள் இது ஒன்று. நம் திருச்சபையின் ஆன்மிக மரபை உள்ளுக்குள் தாங்கி நிற்கும் படைப்பு என்பதாலும், ஒரு பெண்ணைப் பார்த்தவுடனே தீர்ப்பிடும் நம் வழக்கத்தை அது கேள்விக்குள்ளாக்குவதாலும், இதனைச் சற்றே நிதானமாகப் பார்க்க விழைகிறோம்.

பழைய குற்றச்சாட்டு

1696-ஆம் ஆண்டு மே மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஏலமொன்றில் வெர்மீரின் 21 ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. ஏலப் பட்டியலின் முதல் வரிசையில் இடம்பெற்றது இவ்வோவியமே. ஒரு பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த இது 155 கில்டருக்கு விலைபோயிற்று. அப்பட்டியலை எழுதியவர், பொன்னை நிறுக்கும் இளம்பெண் என்று இதனைக் குறித்து வைத்தார். பிற்காலத்தார் சிலர் தராசுத் தட்டுகளில் மின்னும் புள்ளிகளைக் கண்டு, அவள் நிறுப்பது பொன்னன்று, முத்து என்றனர். பொன்னோ முத்தோ, அவள் எதையோ நிறுக்கிறாள் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இப்பெயரிலிருந்து பொருள்கோள் ஒன்றும் எளிதாகப் பிறந்தது. இறுதித் தீர்ப்பு முதுகுக்குப் பின்னே நடந்துகொண்டிருக்க, அதனை மறந்து அழியும் செல்வத்தை எடைபோடுகிறாள் இப்பெண். முத்து ஆணவத்தின் குறி. கண்ணாடி தற்பெருமையின் குறி. ஆகவே இது உலகப் பற்றைக் கண்டிக்கும் அறவுரை ஓவியம் என்றனர் பலர். 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் இத்தகைய அறவுரை ஓவியங்கள் ஏராளமாகத் தீட்டப்பட்டன என்பதால், இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றியது.

ஆயினும் ஓவியத்தின் முன் நின்று நோக்குவோர்க்கு ஒரு நெருடல் இருந்தே வந்தது. பேராசையின் முகம் இவ்வளவு அமைதியாயிருக்குமா? தன் பொருளில் மயங்கியவள் அப்பொருளை ஏறிட்டும் பாராமல் நிற்பாளா?

நுண்நோக்கி கூறிய சான்று

இந்நெருடலுக்கு விடை தந்தது அறிவியல் ஆய்வு. வாஷிங்டன் கலைக்கூடத்தின் அறிஞர் ஆர்தர் வீலாக் போன்றோரின் முயற்சியால் இவ்வோவியம் நுண்நோக்கியின் கீழ் ஆராயப்பட்டது. மேசைமேல் கிடக்கும் பொன்னணிகளுக்கு வெர்மீர் ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒருவகை மஞ்சள் வண்ணத்தைப் பயன்படுத்தியிருந்தார். தராசுத் தட்டில் மின்னும் புள்ளியில் அந்த மஞ்சள் இல்லை. முத்துகளை அவர் இரண்டு படிநிலைகளில் தீட்டியிருந்தார்: முதலில் சாம்பல் சாயலுடைய மெல்லிய பூச்சு, அதன்மேல் வெண்ணிற ஒளிப்புள்ளி. தட்டிலுள்ள புள்ளியோ ஒரே பூச்சில் அமைந்தது. எனவே அது பொன்னுமன்று, முத்துமன்று; சன்னலொளி உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் மினுக்கம் மட்டுமே.

தட்டுகள் இரண்டும் வெறுமையாய் இருக்கின்றன!

இவ்வொரு செய்தி, ஏறத்தாழ 300 ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த பொருளைத் தலைகீழாக்கிற்று. ஓவியத்தின் பெயரும் மாறியது. இன்று அது துலாக்கோல் ஏந்திய பெண் என்றே வழங்குகிறது. அவள் எதையும் நிறுக்கவில்லை. வெறுந்தட்டுகள் ஆடி அடங்கிச் சமநிலைக்கு வருவதற்காகக் காத்திருக்கிறாள்.

துலாக்கோலின் இயல்பை அறிந்த நமக்கு இது வியப்பன்று. நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை சான்றோர்க்கு உவமையாகத் துலாக்கோலையே எடுத்தாண்டார். அக்கோல் முதலில் தான் சமனாக நின்று, அதன் பின்னரே தன்மேல் வைக்கப்பட்ட பொருளின் அளவைக் காட்டுகிறது. தான் கோணிய தராசு, வைத்த பொருளைப் பற்றிப் பொய்யே சொல்லும். பொன் நிறுக்கும் எந்த வணிகரும் முதலில் வெறுந்தட்டைத் தூக்கிப் பார்ப்பதும் இதனாலேதான். வெர்மீர் தேர்ந்துகொண்டது அந்தக் கணத்தை.

மறைந்து வாழ்ந்த திருச்சபை

இக்கணத்தை இத்தனை கனமுள்ளதாக ஓவியர் ஏன் கருதினார் என்பதற்கு அவர் வாழ்ந்த வீட்டையும் தெருவையும் அறிய வேண்டும்.

வெர்மீர் 1632-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் டெல்ஃப்டின் சீர்திருத்தச் சபைக் கோவிலில் திருமுழுக்குப் பெற்றவர். 1653-இல் கத்தரீனா போல்னஸ் என்னும் கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்பினார். மணமகளின் தாய் மரியா தின்ஸ் உறுதியான கத்தோலிக்கர். திருமண இசைவுப் பத்திரத்தில் கையொப்பமிட அவர் மறுத்துவிட்டார். ஆயினும் திருமண அறிவிப்பைத் தடுக்கப்போவதில்லை என்று சொன்னார். கலப்பு மணத்தின் வேதனையை அறிந்த நம் பெற்றோருக்கு, மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் நின்ற அத்தாயின் நிலை புரியும். அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், கத்தோலிக்கர் மிகுந்திருந்த ஸ்கிப்லாய்டன் என்னும் அருகிலுள்ள சிற்றூரில் திருமணம் நடந்தது. திருமணத்திற்குச் சற்று முன்னர் வெர்மீர் நம் மறையைத் தழுவினார் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

அக்காலத்து ஹாலந்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றச் சட்டம் இடந்தரவில்லை. கோவில்கள் பறிக்கப்பட்டிருந்தன. சாதாரண வீடுகளின் உள்ளே மறைவிடக் கோவில்கள் அமைந்தன. அதிகாரிகளுக்குப் பணம் கட்டி, அவர்கள் கண்டும் காணாதிருக்கும்படி செய்துகொண்டனர். ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் தம் வீட்டின் பரணிலேயே கோவில் கட்டி 1663-இல் நிறைவு செய்தார். அது இன்றும் காட்சியகமாக நிற்கிறது. டெல்ஃப்டில் பாப்பரசரின் மக்கள் வாழும் மூலை என்று பிறர் பெயரிட்டழைத்த பகுதியில் இயேசு சபையினரின் மறைவிடக் கோவில் இருந்தது. மரியா தின்ஸ் அம்மையாரின் இல்லம் அதே பகுதியில்தான் அமைந்திருந்தது. தொடக்கத்தில் தயங்கிய மாமியாரின் அவ்வீட்டிலேயே 1660-ஆம் ஆண்டளவில் வெர்மீர் குடும்பம் குடியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர்களது குழந்தையொன்றை அடக்கம் செய்தபோது எழுதப்பட்ட பதிவு இதைத் தெரிவிக்கிறது.

இந்த மறைவு வாழ்க்கை நமக்கு அந்நியமன்று. அதே ஹாலந்துக் குடியரசின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளை மன்றங்கள் இருந்தன. டெல்ஃப்ட் நகரிலும் ஒன்று இயங்கியது. அக்கம்பெனியின் படைகள் 1658-இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றின. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று அவர்கள் இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687-இல் எளிய கூலியாளின் கோலத்தில் அம்மண்ணில் வந்திறங்கி, இரவுகளில் இல்லங்கள்தோறும் திருவருட்சாதனங்களை வழங்கியவர் கோவா நாட்டுக் குருவான யோசேப்பு வாஸ். 2015-ஆம் ஆண்டு கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். டெல்ஃப்டின் தெருவிலும் யாழ்ப்பாணத்துக் குடிசையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விசுவாசத்தின் கோவிலாக இல்லமே நின்றது. ஓவியத்திலுள்ள முத்துகள் மன்னார்க் கடலின் முத்துகள் என்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. வீடு கோவிலான அந்த அனுபவம் போதும், இப்பெண்ணை நம் உறவினளாகக் காண.

இஞ்ஞாசியாரின் தராசு

இயேசு சபையாரின் அண்மை வெர்மீரின் இல்லத்தில் ஆழமாகவே பதிந்தது. மகன்களுள் ஒருவனுக்கு இக்னேஷியஸ் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் வெர்மீர் தீட்டிய விசுவாசத்தின் உருவகம் என்னும் ஓவியத்தில் திருப்பலிக் கிண்ணமும் பாடுபட்ட சுரூபமும் வெளிப்படையாகவே காட்சி தருகின்றன. 2023-இல் ஆம்ஸ்டர்டாம் தேசியக் காட்சியகம் வெர்மீரின் 28 ஓவியங்களை ஒன்றுசேர்த்து நடத்திய மாபெரும் கண்காட்சியையொட்டி, அதன் பொறுப்பாளர்களுள் ஒருவரான கிரெகோர் வேபர் இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், வாழ்வில் ஒரு தெரிவு செய்யுமுன் மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்குகையில், தராசையே உவமையாகக் காட்டுகிறார். ஒரு பொருளைக் கொள்வதிலும் விடுவதிலும் முன்கூட்டியே சாயாமல், நடுவில் நிற்கும் தராசு முள்போல் உள்ளம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சில பத்திகள் கடந்ததும், தீர்ப்பு நாளில் ஆண்டவர் திருமுன் நிற்பதாக எண்ணி, அப்போது எதைத் தெரிந்திருக்க விரும்புவாயோ அதை இப்போதே தெரிந்துகொள் என அறிவுறுத்துகிறார். சமநிலையிலுள்ள தராசு, கண்முன் நிறுத்தப்பட்ட இறுதித் தீர்ப்பு: இவ்விரண்டும் இவ்வோவியத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றன. ஆன்ம சோதனையில் ஆழ்ந்திருக்கும் ஒருத்தியின் உருவம் இது என்று அறிஞர் சிலர் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

இந்நோக்கில் கண்டால், மேசைமேல் கிடக்கும் முத்துகளுக்கும் புதிய பொருள் கிடைக்கிறது. அவள் அவற்றைத் தூக்கி எறியவில்லை, மூடி வைக்கவுமில்லை. குடும்பத்தின் செல்வத்தைப் பேணும் பொறுப்பு இல்லத்தலைவிக்கு உரியது. செல்வத்தின் நடுவே நின்றுகொண்டே அதனால் ஒருபுறம் சாயாதிருப்பது துறவியின் துறவுக்குக் குறைந்த தவமன்று.

யாருடைய இடத்தில் நிற்கிறாள்?

இறுதித் தீர்ப்பைத் தீட்டிய பழைய ஓவியங்களில் கிறிஸ்துவின் கீழே, நடுவிடத்தில், அதிதூதரான மிக்கேல் தராசேந்தி ஆன்மாக்களை நிறுப்பார். வெர்மீரின் சுவரோவியத்தில் அவ்விடம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை மறைத்துக்கொண்டு நிற்பவள் இப்பெண்தான். தராசும் அவள் கையில்தான் இருக்கிறது. தற்செயலாக அமைந்ததன்று இது. சுவரோவியத்தின் அடிச்சட்டம் அவளுக்கு முன்புறம் ஓர் உயரத்திலும் பின்புறம் அதைவிடத் தாழ்வான உயரத்திலும் தீட்டப்பட்டிருக்கிறது. தராசைச் சுற்றி வெற்றிடம் வேண்டுமென்பதற்காக ஓவியர் சுவரோவியத்தின் சட்டத்தையே உயர்த்தினார். அறையின் கோடுகளெல்லாம் சென்று கூடும் புள்ளியும் அவளது வலக்கைச் சிறுவிரல் நுனியருகே அமைந்திருக்கிறது. பார்ப்பவர் கண் இறுதியில் சென்று தங்குவது அங்கேதான்.

மிக்கேல் பிறருடைய ஆன்மாக்களை நிறுக்கிறார். இவளோ எவரையும் நிறுக்கவில்லை. தீர்ப்பிடும் உரிமை தலைக்குமேல் வீற்றிருப்பவருக்கே உரியதென்பதால், தன் கையிலுள்ள தராசை நேராக்குவதோடு நின்றுகொள்கிறாள்.

அமைதிக்குப் பின்னால்

இவள் கருவுற்றிருக்கிறாளா என்னும் வினாவும் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. வயிற்றுப்புறம் மேடிட்டுத் தோன்றுவது அக்காலத்து ஆடையமைப்பினால் என்பர் சிலர்; கருவுற்ற பெண்களைத் தீட்டும் வழக்கம் அன்று அரிது என்பதையும் சுட்டுவர். நீல உடையும் தாழ்ந்த விழியும் கன்னி மரியாவை நினைவூட்டுவதாகச் சொல்வோரும் உண்டு. ஓவியம் எதையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் இது தீட்டப்பட்ட இல்லத்தில் கருவுற்ற பெண் அடிக்கடி கண்ணில் படும் காட்சியாகவே இருந்தாள். கத்தரீனா ஏறத்தாழ 15 குழந்தைகளைப் பெற்றார். அவர்களுள் நால்வர் சிறு வயதிலேயே மறைந்தனர்.

அந்த இல்லம் ஓவியத்தைப் போல் எப்போதும் அமைதியாக இருந்ததுமில்லை. மரியா தின்ஸ் கணவரின் வன்முறையைத் தாங்கமாட்டாது 1641-இல் சட்டப்படி அவரைப் பிரிந்தவர். மகன் வில்லெமும் தந்தையின் வழியிலேயே சென்றார். 1660-களின் தொடக்கத்தில் அவர் வீட்டிற்கு வந்து தாயைத் திட்டியதும், கத்தரீனா நிறைகர்ப்பிணியாய் இருந்தபோது இரும்புமுனை பொருத்திய கம்பால் தாக்க முனைந்ததும், வீட்டுப் பணிப்பெண் டன்னக்கே எவர்பூல் இடையில் புகுந்து காத்ததும் 1666-ஆம் ஆண்டுச் சாட்சிப் பத்திரங்களில் பதிவாகியுள்ளன. பின்னர் வில்லெம் திருத்தகமொன்றில் அடைத்து வைக்கப்பட்டார். கலை வரலாற்றாசிரியர் மைக்கேல் மோன்டியாஸ் டெல்ஃப்ட் ஆவணக் காப்பகத்தில் தேடி, 1989-இல் வெளியிட்ட நூலில் இவற்றை உலகறியச் செய்தார்.

அப்படியாயின், நம் ஓவியம் தீட்டப்பட்ட ஆண்டுகளும் அவ்வீட்டுக் கதவுகள் அதிர்ந்த ஆண்டுகளும் ஒன்றே. துன்பமறியாத செல்வச் சீமாட்டியின் ஓய்வுநேரமாக இக்காட்சியை இனியும் நாம் எண்ண முடியாது. அச்சம் புகுந்த வீட்டில் மனத்தை நேராக நிறுத்துவது எத்தகைய உழைப்பு என்பதை வெர்மீர் அருகிருந்தே கண்டார். தாயும் மகளும் பணிப்பெண்ணும் சேர்ந்து அவ்வீட்டைத் தாங்கினர். ஓவியத்திலுள்ளவள் கத்தரீனாதான் என்று சொல்ல ஆதாரமில்லை. இவள் பெயரில்லாதவளாகவே நிற்கிறாள். பெயரில்லாதவள் என்பதாலேயே, பொறுமை என்ற பெயரால் அடியைத் தாங்கிக்கொள்ளும்படி அறிவுரை கேட்டுச் சலித்த நம் பங்குகளின் பெண்கள் பலரும் இவளுள் தங்களைக் காணலாம். மரியா தின்ஸ் தாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர் நீதிமன்றத்தை நாடினார், சாட்சிகளைத் திரட்டினார், மகளையும் பேரப்பிள்ளைகளையும் காத்தார். சமநிலை என்பது அநீதிக்குத் தலைகுனிவதன்று என அந்த வீட்டின் வரலாறு கூறுகிறது.

1672-இல் பிரெஞ்சுப் படையெடுப்பால் நாடு சீர்குலைந்தபோது ஓவிய வாணிகம் வீழ்ந்தது. கடன் சுமையோடு 1675 டிசம்பரில் வெர்மீர் இறந்தார். வயதுக்கு வராத 10 பிள்ளைகளோடு கத்தரீனா தனித்து நின்றார். ரொட்டிக் கடைக்காரருக்குப் பட்ட கடனுக்கு ஈடாக 2 ஓவியங்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்த அதிகாரிகளின் பட்டியலில், நாற்காலிகளுக்கும் துணிமணிகளுக்கும் இடையே, சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் பெரிய ஓவியமொன்றும் காணப்படுகிறது.

நம் பங்கு

வெறுந்தட்டில் பொன்னைக் கண்டவர்கள் தீய எண்ணத்தினரல்லர், கற்றறிந்தோர். நகையருகே நிற்கும் பெண் நகையைத்தான் நினைப்பாள் என்ற முன்முடிவு அவர்கள் கண்ணுக்குமுன் சென்றுவிட்டது. இல்லாத பாரத்தை அவள் தட்டில் ஏற்றிவிட்டு, அதற்காகவே அவளைக் குற்றவாளியாக்கினர். நம் ஊர்களில், கோவில் முற்றங்களில், மணப்பேச்சுகளில், கைம்பெண்களையும் தனித்து வாழ்வோரையும் பற்றிய உரையாடல்களில் இப்படி எத்தனை தட்டுகளை நாம் நிரப்பியிருக்கிறோம்! அவற்றை நெருங்கிப் பார்க்கும் பொறுமை நமக்கு இருந்ததா?

படுக்கைக்குச் செல்லுமுன் சில நிமிடங்கள் ஆன்ம சோதனை செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் முன்பு இருந்தது. செபமாலை முடிந்ததும் பாட்டிமார் கண்மூடி அமர்ந்திருந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அன்றைய நாளில் பிறர் செய்த பிழைகளை எண்ணுவதற்கான நேரமன்று அது. தம் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் நேரம். அதற்குக் கோவில் மணியும் பீடமும் தேவைப்படவில்லை. சமையலறை விளக்கின் ஒளி போதுமானதாக இருந்தது.

டெல்ஃப்டின் அறையிலும் அவ்வளவு வெளிச்சமே இருக்கிறது. தராசு இன்னும் முழுதாக அடங்கிவிடவில்லை. அவள் அவசரப்படாமல் காத்திருக்கிறாள்.